உப்புல கலந்த மருந்து: காரைக்காலும் யானைக்காலும்

1/
எங்க அப்பாயி கல்யாணப் பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மண்டபத்துல கடைசி வரிசையில சுவரோரமா உட்காருவாங்க. புடவையை இழுத்து இடது காலை மூடிக்குவாங்க. சாப்பிடக் கூப்பிட்டா "எனக்குப் பசிக்கலடா தம்பி"ன்னு சொல்லிடுவாங்க. வீட்டுக்கு வந்து பழைய சோத்துல மோர் ஊத்திச் சாப்பிடுவாங்க.

காரணம் அந்தக் கால். யானைக்கால்.

2/
ஊர் கருக்களாச்சேரி. காரைக்கால் கடற்கரையில ஒரு மீனவ கிராமம். நான் இப்போ அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர்.

போன வாரம் ஓ.பி.யில ஒரு அக்கா கேட்ட கேள்விதான் இந்த நீளமான பதிவுக்குக் காரணம். பையனுக்கு ஸ்கூல்ல குடற்புழு மாத்திரை கொடுத்திருக்காங்க. "எம்புள்ளைக்குத்தான் ஒண்ணும் இல்லையே சார், எதுக்கு மாத்திரை?"

3/
நியாயமான கேள்வி. சின்ன வயசுல நானும் இதையே கேட்டிருக்கேன். கேட்டதோட நிக்கவும் இல்லை. அந்தக் கதையைப் பின்னாடி சொல்றேன்.

இதுக்கான பதில் ஏறக்குறைய 150 வருஷத்து வரலாறு. கல்கத்தா, சீனா, சென்னை, திருக்கோவிலூர், பாப்புவா நியூ கினி எல்லாம் வரும். நம்ம காரைக்காலும் வரும், அதுவும் அடுப்படி உப்பு ஜாடி வழியா. நிதானமா படிங்க.

4/
முதல்ல எதிரி யாருன்னு பார்ப்போம்.

யானைக்கால் நோய்க்குக் காரணம் வூச்சரேரியா பான்கிராஃப்டி என்கிற புழு. வளர்ந்த புழு நூல் மாதிரி இருக்கும். பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் வரும். இருப்பிடம் குடல் இல்லை, நம்ம நிணநீர்க் குழாய்கள். உடம்போட கழிவுநீர் வாய்க்கால்னு அதை வெச்சுக்கங்க. அங்க ஜோடியா குடியிருந்து, பல வருஷம் குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்.

5/
அந்தக் குட்டிகளுக்கு மைக்ரோஃபைலேரியான்னு பேர். பகல்ல நுரையீரல் பக்கம் ஒளிஞ்சுக்கும். ராத்திரி ஆனதும் தோலுக்குப் பக்கத்துல இருக்கிற ரத்தக் குழாய்களுக்கு வந்துடும். ஏன் தெரியுமா? இதைப் பரப்புற கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரம் ராத்திரி!

அதனாலதான் ஃபைலேரியா ஊழியர்கள் அந்தக் காலத்துல ராத்திரியில வீடு வீடா வந்து விரல் நுனியில ரத்தம் எடுத்தாங்க. விடியறதுக்கு முன்னாடி கடலுக்குப் போறவங்க சீக்கிரம் படுத்துடுவாங்க. அவங்களை நடுராத்திரியில எழுப்பி ஊசி குத்தினா என்ன திட்டு விழுந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

6/
இதைக் கண்டுபிடிச்ச கதை சுருக்கமா:

1872-ல கல்கத்தாவுல டிமதி லூயிஸ் மனுஷ ரத்தத்துல இந்தக் குட்டிப் புழுக்களைப் பார்த்தார்.

1877-ல சீனாவோட அமோய் துறைமுகத்துல பேட்ரிக் மான்சன் இதே புழு கொசு உடம்புக்குள்ள வளர்றதைக் கண்டார். ஒரு பூச்சி மனுஷ நோயைச் சுமக்கும்னு உலகம் தெரிஞ்சுக்கிட்டது இங்கிருந்துதான். மலேரியாவுல ரொனால்ட் ராஸ் கொசுவைத் தேடிப் போனதுக்கும் மான்சன்தான் தூண்டுகோல்.

7/
காரணம் தெரிஞ்சுபோச்சு. மருந்து? அடுத்த 70 வருஷத்துக்கு உருப்படியா ஒண்ணும் இல்லை.

நம்ம காவிரி டெல்டாவுல வாய்க்கால், குட்டை, தேங்கின சாக்கடைக்குப் பஞ்சமே கிடையாது. கியூலெக்ஸுக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது. கும்பகோணம்னா வெத்தலை, காபிக்கு முன்னாடி யானைக்கால் ஞாபகம் வந்த ஒரு காலம் இருந்துச்சு. தாத்தா பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க.

8/
இரண்டாம் உலகப் போர் வந்துச்சு. பசிபிக் தீவுகள்ல சண்டை போட்ட அமெரிக்க வீரர்கள் ஆயிரக்கணக்குல இந்த நோயோட ஊர் திரும்பினாங்க. நம்ம ஜனங்க நூற்றாண்டுக் கணக்குல கஷ்டப்பட்டப்போ வராத மருந்து, அதுக்கப்புறம் வேகமா வந்துச்சு. மருத்துவ வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் நகரும். கசப்பா இருந்தாலும் உண்மை.

9/
நியூயார்க் பக்கம் பேர்ல் ரிவர்ல இருந்த லெடர்லே ஆய்வகத்துல, பருத்தி எலிகளுக்கு வர்ற ஒரு ஃபைலேரியா புழு மேல நூற்றுக்கணக்கான வேதிப்பொருட்களைப் போட்டுப் பார்த்தாங்க. 1947-ல ஒண்ணு தேறுச்சு. டைஎத்தில்கார்பமசின். சுருக்கமா டி.இ.சி. கடைப் பேர் ஹெட்ரசான். அதே வருஷமே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவும் வெளியாச்சு.

அந்த ஆய்வகத்தோட ஆராய்ச்சித் தலைவர் யாரு தெரியுமா?

10/
எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-ல பீமாவரத்துல பிறந்தவர். படிச்சது நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல!

காந்தி சொன்னார்னு காதி உடுத்தப்போக, அதுல ஒரு பேராசிரியருக்கு அதிருப்தி. அதனால முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காம எல்.எம்.எஸ். பட்டத்தோட வெளியே வந்தார்னு அவரோட வாழ்க்கை வரலாறு சொல்லுது. 1922-ல கடல் தாண்டி பாஸ்டன் போனார். அப்புறம் ஊர் திரும்பவே இல்லை. 1948-ல அங்கேயே இறந்துட்டார். வயசு 53.

11/
என் பேருக்குப் பின்னாடி இருக்கிற எம்.பி.பி.எஸ். அவருக்குக் கிடைக்கலை. ஆனா நான் தினமும் எழுதுற சீட்டுல அவர் இருக்கார். ஃபோலிக் ஆசிட் மாத்திரையிலயும் அவர் கை இருக்கு, மெத்தோட்ரெக்ஸேட்லயும் இருக்கு, டி.இ.சி.யிலயும் இருக்கு.

அடுத்த தடவை யாராவது பட்டத்தை வெச்சு ஆளை எடை போட்டா இவரை நினைச்சுக்கங்க.

12/
டி.இ.சி. என்ன செய்யும்?

ரத்தத்துல சுத்துற குட்டிப் புழுக்களை நம்ம எதிர்ப்பு சக்திக்குக் காட்டிக் கொடுக்கும். ஒளிஞ்சிருந்த திருடன் மேல டார்ச் அடிச்ச மாதிரி. அப்புறம் நம்ம அணுக்களே அடிச்சு முடிச்சிடும். வளர்ந்த புழுக்கள்லயும் கொஞ்சத்தைக் கொல்லும்.

கவனிங்க, கொஞ்சத்தை மட்டும்தான். இந்தக் கதையோட முடிச்சே அங்கதான் விழுது.

13/
தாய்ப் புழு பிழைச்சுக்கிட்டா மறுபடி குட்டி போடும். அந்தக் குட்டியைக் கொசு உறிஞ்சும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகும்.

அதனால 12 நாள் தொடர்ந்து மாத்திரை போடணும்னு வெச்சாங்க. குட்டிப் புழுக்கள் கூட்டமா சாகும்போது காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வரும். நோயாளியாவது பொறுத்துப்பார். ரத்தத்துல புழு இருக்கிறதே தெரியாம, ஓடியாடி வேலை செய்யிற ஆள் ஏன் பொறுத்துக்கணும்?

14/
1955-ல இந்தியா தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்குச்சு. ஊர் முழுக்க டி.இ.சி. கொடுக்கிறதும் அதுல ஒரு அங்கம். 1960-களோட தொடக்கத்துல மதிப்பீடு செஞ்சப்போ, மாத்திரையால வர்ற தொந்தரவுக்குப் பயந்து ஜனங்க ஒழுங்கா சாப்பிடலைன்னு தெரிஞ்சுது. ஊருக்கே கொடுக்கிறதைக் கைவிட்டாங்க. கொசுப்புழு ஒழிப்பு, ராத்திரி ரத்தப் பரிசோதனை, புழு இருக்கிறவங்களுக்கு மட்டும் மருந்துன்னு திட்டம் சுருங்கிடுச்சு.

மருந்து கையில இருந்தும் தோத்தோம்.

15/
தோத்ததுக்குக் காரணம் வேதியியல் இல்லை, மனுஷன்தான். ஆரோக்கியமா இருக்கிறதா நினைக்கிற ஒருத்தரை, பக்கத்து வீட்டுக்காரருக்காக மாத்திரை விழுங்க வைக்கிறது எப்படி?

இதுக்கு ஒரு விஞ்ஞானி விசித்திரமான பதில் கண்டுபிடிச்சார். மாத்திரையே வேண்டாம், உப்புல கலந்துடுவோம்னார்.

16/
அவர் பேர் ஃபிராங்க் ஹாக்கிங். லண்டன் ஒட்டுண்ணியியல் ஆய்வாளர். ஆமா, ஸ்டீபன் ஹாக்கிங்கோட அப்பாதான்!

1967-ல அவர் பிரேசில்ல செஞ்ச உப்பு ஆய்வு வெளியாச்சு. டி.இ.சி. கொதிச்சாலும் கெட்டுப்போகாது. ஒரு கிலோ உப்புல சில கிராம் கலந்தா குழம்புல ருசி தெரியாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போறதால காய்ச்சல் தொந்தரவும் குறைவு.

17/
இப்ப நம்ம ஊருக்கு வாங்க.

1980-கள்ல காரைக்கால்ல டி.இ.சி. கலந்த உப்பைச் சமையலுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. அதோட முடிவு 1989-ல தொற்றுநோய் ஆய்விதழ் ஒண்ணுல கட்டுரையா வந்துச்சு. உலகத்துல டி.இ.சி. உப்பைப் பத்தி யார் எழுதினாலும் இன்னிக்கும் காரைக்கால் பேர் அதுல வரும்.

நான் படிச்ச காலேஜ்ல இதை யாரும் சொல்லலை. பல வருஷம் கழிச்சு ஒரு பழைய கட்டுரையைத் தேடும்போது சொந்த ஊர் பேரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

18/
ஏன் காரைக்கால்?

எனக்குத் தோணுறது இதுதான். 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சி, அதுக்கப்புறம் புதுச்சேரி நிர்வாகம். சுத்திலும் தமிழ்நாடு, நடுவுல கையளவு தனி நிர்வாகம். ஒரு ஊருக்குள்ள என்ன உப்பு வருதுன்னு கண்காணிக்கணும்னா இந்த மாதிரி சின்ன இடம்தான் தோது. தெற்கே கொஞ்ச தூரத்துல வேதாரண்யம் உப்பளம். உப்புக்காக ஜெயிலுக்குப் போன மண்ணுக்குப் பக்கத்துல உப்பே மருந்தாச்சு.

19/
பலன்? ரத்தத்துல புழு இருக்கிறவங்க எண்ணிக்கை பெருமளவு குறைஞ்சுது. மாத்திரையால முடியாததை உப்பு செஞ்சுது.

சீனாவும் இதே வழியைப் பெரிய அளவுல பயன்படுத்துச்சு. 2007-ல யானைக்கால் நோயை ஒழிச்ச நாடா அறிவிக்கப்பட்டுச்சு.

20/
அப்போ இந்தியா முழுக்க ஏன் செய்யலை?

உப்பு ஒரு வியாபாரம். மருந்து உப்புக்குப் பக்கத்துலயே சாதா உப்பு மலிவா கிடைச்சா ஜனங்க அதைத்தான் வாங்குவாங்க. ஒரு குட்டி ஊர்ல கடைக்குக் கடை பார்க்கலாம். நூறு கோடி பேர் சாப்பிடுற உப்பை எப்படிப் பார்க்கிறது? கருவாட்டுக்கு ஒரு உப்பு, ஊறுகாய்க்கு ஒரு உப்பு, குழம்புக்கு ஒரு உப்புன்னு நம்ம வீட்டுலயே மூணு இருக்கும்.

உப்போட கலக்கிற வழி அங்கேயே நின்னுடுச்சு. மருந்தோட மருந்தைக் கலக்கிற வழி தொடங்குச்சு.

21/
அடுத்த மருந்தை உங்களுக்குத் தெரியும். கொரோனா காலத்துல தேவையில்லாம அடிபட்ட பேர். ஐவர்மெக்டின்.

ஜப்பான்ல சதோஷி ஓமுரா மண்ணுல கண்டெடுத்த ஒரு நுண்ணுயிர்தான் மூலம். அமெரிக்காவுல வில்லியம் கேம்ப்பெல் அதைப் புழு மருந்தா ஆக்கினார். 2015-ல ரெண்டு பேருக்கும் நோபல். கொரோனாவுக்கு இது வேலை செய்யலை. புழுவுக்கு இது பிரமாதமான மருந்து. ரெண்டும் உண்மை.

22/
யானைக்கால் புழு மேல ஐவர்மெக்டினை முறையா சோதிச்ச ஆரம்பகால ஆய்வுகள் நம்ம மெட்ராஸ்ல நடந்துச்சு. வி. குமாரசுவாமி, எரிக் ஓட்டசன் குழுவோட ஆய்வு 1988-ல வந்துச்சு. 1990-ல இன்னொண்ணு. 40 தென்னிந்திய ஆண்கள், ஒரு பக்கம் ஒரே வேளை ஐவர்மெக்டின், இன்னொரு பக்கம் 12 நாள் டி.இ.சி.

23/
முடிவு சுவாரஸ்யமானது. ஐவர்மெக்டின் குட்டிப் புழுக்களை மளமளன்னு துடைச்சு எடுத்துச்சு. ஆனா சில மாசத்துல அதுங்க மெல்லத் திரும்பி வந்துச்சு. டி.இ.சி. மெதுவா வேலை செஞ்சாலும் பலன் கூடுதல் நாள் நின்னுச்சு.

ஒண்ணு வேகம். இன்னொண்ணு நிதானம். ரெண்டையும் சேர்த்தா?

24/
எங்க ஊர் மொழியில சொல்றேன். ஒரே வலையில எல்லா மீனும் சிக்காது. சின்னக் கண்ணி வலையை எடுத்துக்கிட்டுப் பெரிய மீனுக்குப் போக முடியாது, பெரிய கண்ணி வலையில பொடி மீன் நழுவிடும். நண்டுக்கு வேற வலை.

புழுவும் அப்படித்தான். ரத்தத்துல சுத்துற குட்டி வேற. வாய்க்கால்ல குடியிருக்கிற தாய் வேற. தாய் வயித்துல வளர்ற கரு வேற. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வலை வேணும்.

25/
மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறது மெட்ராஸுக்குப் புதுசும் இல்லை. 1956-ல சேத்துப்பட்டுல தொடங்கின காசநோய் ஆய்வு, ஆஸ்பத்திரியில படுக்காம வீட்டுல இருந்தே கூட்டு மருந்தால குணமாகலாம்னு உலகத்துக்கே காட்டுச்சு.

ஆனா ஒரு வித்தியாசம். காசநோய்ல ரெண்டு மூணு மருந்து சேர்க்கிறது முக்கியமா கிருமிக்கு மருந்து பழகிடாம இருக்க. இங்க சேர்க்கிறது புழுவோட ஒவ்வொரு பருவத்தையும் அடிக்க.

26/
மூணாவது மருந்து அல்பெண்டசோல். அந்த அக்கா பையனுக்கு ஸ்கூல்ல கொடுத்த அதே மாத்திரை. புழு சத்தை உறிஞ்ச முடியாம பட்டினியில சாகும். குடற்புழுவுக்குக் கைகண்ட மருந்து.

1998-ல கொழும்புல எம்.எம். இஸ்மாயில் குழு இந்த மூணு மருந்தையும் விதவிதமா ஜோடி சேர்த்துச் சோதிச்ச ஆய்வு வெளியாச்சு. அல்பெண்டசோல் சேர்ந்தா யானைக்கால் புழு மேலயும் அடி பலமா விழுதுன்னு வெளிச்சம் கிடைச்சுது. ஆலப்புழையிலயும் இந்த வகை ஆய்வுகள் நடந்துச்சு.

27/
அடுத்தது திருக்கோவிலூர். மதுரையில அப்போ இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்துக்காரங்க அந்தப் பக்கத்துக் கிராமங்கள்ல சில ஊருக்கு டி.இ.சி. மட்டும் கொடுத்தாங்க. சில ஊருக்கு டி.இ.சி.யோட அல்பெண்டசோலும் கொடுத்தாங்க. 2002-லயும் 2004-லயும் முடிவுகள் வந்துச்சு. ரெண்டும் சேர்ந்த ஊர்கள்ல குடற்புழுவும் நல்லா குறைஞ்சுது.

இதை நான் ஒரு டாக்டரா மட்டும் பார்க்கலை.

28/
யானைக்கால் புழு செத்தா கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சல் மட்டும் தெரியும். "மாத்திரை போட்டதுக்கு நோவுதான் மிச்சம்"னு ஜனங்க சொல்றதுல அர்த்தம் இருக்கு.

ஆனா அல்பெண்டசோல் போட்ட பிள்ளைக்கு மறுநாள் புழு வெளியே வந்தா அம்மா கண்ணால பார்ப்பாங்க. பிள்ளைக்குப் பசி எடுக்கும். கூட்டு மருந்துல ஒண்ணு புழுவை அடிக்குது, இன்னொண்ணு நம்பிக்கையை வாங்கிக் கொடுக்குது. இது எந்த மருந்தியல் பாடப்புத்தகத்துலயும் இருக்காது.

29/
இதுக்கு நடுவுல திட்டமும் மாறுச்சு. 12 நாள் வேண்டாம், வருஷத்துக்கு ஒரே ஒரு வேளை போதும். ஆனா ஊரே சேர்ந்து சாப்பிடணும்.

கணக்கு எளிமையானது. தாய்ப் புழு சுமார் 5 வருஷத்துக்கு மேல குட்டி போடும். அத்தனை வருஷமும் ஊர் ரத்தத்துல குட்டிகளைக் குறைவா வெச்சிருந்தா கொசுவுக்கு எதுவும் கிடைக்காது. தாய்ப் புழு கிழமாகிச் செத்துடும். புது வாரிசு கிடையாது. பரம்பரை முடிஞ்சுது.

30/
1996-97-ல 7 மாநிலங்கள்ல 13 மாவட்டங்கள்ல இந்த ஒரு வேளை டி.இ.சி.யை முன்னோட்டமா தொடங்கினாங்க. தமிழ்நாடும் அதுல உண்டு. 1997-ல உலக சுகாதாரப் பேரவை யானைக்காலை ஒழிக்கணும்னு தீர்மானம் போட்டுச்சு. 2004-ல இந்தியா முழுக்க நோய் இருக்கிற மாவட்டங்களுக்குப் போச்சு. 2007-ல அல்பெண்டசோல் சேர்ந்துச்சு.

31/
இப்ப என் கதை.

சுனாமிக்கு அப்புறம் ஒரு வருஷம். நான் அப்போ ஸ்கூல் பையன். சாயங்காலம் மாத்திரை கொடுக்க ரெண்டு அக்கா வந்தாங்க. "சாப்பிட்டுட்டுப் போடு தம்பி"ன்னு கையில வெச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போனாங்க. நான் நேரா பின்பக்கம் போய் மணல்ல குழி தோண்டிப் புதைச்சுட்டேன். எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே!

திண்ணையில உட்கார்ந்து அப்பாயி எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

32/
திட்டலை. பக்கத்துல வந்து உட்காரச் சொன்னாங்க. வேப்பெண்ணெய் தடவிக்கிட்டு இருந்த அந்தக் காலைக் காட்டி ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க.

"எனக்கும் ஒண்ணும் இல்லாமத்தான்டா இருந்துச்சு."

33/
அந்த ஒரு வரியை விளக்கத்தான் எனக்கு அஞ்சரை வருஷ மருத்துவப் படிப்பு தேவைப்பட்டுச்சு.

இந்தப் புழு பெரும்பாலும் சின்ன வயசுலயே உள்ளே வந்துடும். பல வருஷம் எந்த அறிகுறியும் காட்டாது. ஆனா அந்த ஆள் ரத்தத்துல இருந்து கொசு புழுவை எடுத்து ஊருக்கே கொடுத்துக்கிட்டு இருக்கும். கால் வீங்கி வெளியே தெரியும்போது வாய்க்கால் ஏற்கெனவே உடைஞ்சிருக்கும். ஆக நோய் இல்லாதவங்க மாதிரி தெரியிற நாமதான் மாத்திரை போட வேண்டிய ஆட்கள்.

34/
ஊர்ல மொத்த ஜனத்தொகையில 65 சதவீதம் பேராவது மாத்திரையை உண்மையா விழுங்கினாத்தான் திட்டம் பலிக்கும். விநியோகிச்சது கணக்கு இல்லை, விழுங்கினதுதான் கணக்கு.

என்னை மாதிரி மணல்ல புதைச்சவங்க எத்தனை பேரோ! அதனாலதான் பிற்பாடு "எங்க முன்னாடியே போடுங்க"ன்னு ஊழியர்கள் நின்னு பார்க்க ஆரம்பிச்சாங்க. அதைக் கெடுபிடின்னு நினைக்காதீங்க.

35/
கடைசிக் கட்டம். மூணு வலையையும் ஒரே நாள்ல வீசினா?

பாப்புவா நியூ கினியில 182 பேரை வெச்சு நடந்த ஆய்வு 2018-ல வெளியாச்சு. டி.இ.சி., அல்பெண்டசோல் ரெண்டும் ஒரு வேளை சாப்பிட்டவங்கள்ல ஒரு வருஷம் கழிச்சு ரத்தம் சுத்தமா இருந்தவங்க 32 சதவீதம். அதோட ஐவர்மெக்டினும் சேர்த்து ஒரே ஒரு வேளை சாப்பிட்டவங்கள்ல 96 சதவீதம்.

திரும்பப் படிங்க. 32 எங்க, 96 எங்க!

36/
புது மருந்து ஒண்ணுகூட இல்லை. 1947-ல வந்தது ஒண்ணு, மத்த ரெண்டும் 1970-கள்ல பிறந்தவை. மூணும் பல வருஷமா அலமாரியில பக்கத்துப் பக்கத்துல இருந்தவை. சேர்த்துக் கொடுத்துப் பார்க்கத்தான் இவ்வளவு காலம் ஆச்சு.

ஏன் இவ்வளவு தாமதம்? பயம். அதுவும் நியாயமான பயம்.

37/
ஆப்பிரிக்காவுல ஆற்றுக் குருடு என்கிற இன்னொரு புழு நோய் உண்டு. அது இருக்கிறவருக்கு டி.இ.சி. கொடுத்தா கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்தான எதிர்வினை வரும். லோவா என்கிற கண்புழு ரத்தத்துல நிறைய இருந்தா ஐவர்மெக்டினே மூளையைப் பாதிக்கலாம்.

ஒரு ஊருக்கு மருந்தா இருக்கிறது இன்னொரு ஊருக்கு விஷமாகலாம். கூட்டு மருந்து என்பது கையில கிடைச்சதை எல்லாம் கலக்கிறது இல்லை.

38/
அதனால பாதுகாப்பைத் தனியா சோதிச்சாங்க. இந்தியா, ஹைத்தி, இந்தோனேசியா, ஃபிஜி, பாப்புவா நியூ கினி, 5 நாடுகள்ல 26,000-க்கும் மேல ஜனங்க. இந்தியாவுல நடந்த இடம் கர்நாடகாவோட யாத்கிர். நடத்தினது 1975-ல இருந்து நம்ம புதுச்சேரியில இயங்குற நோய்ப்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். பெரிய ஆபத்து எதுவும் தெரியலை.

உலக சுகாதார நிறுவனம் 2017-லயே, அந்த ஆப்பிரிக்கப் புழுக்கள் இல்லாத இடங்களுக்கு இந்த மும்மருந்தைப் பரிந்துரைச்சுது. 2018 கடைசியில இந்தியாவும் சில மாவட்டங்கள்ல தொடங்குச்சு.

39/
நம்ம பக்கம் நிலைமை என்ன?

ரெண்டு மருந்துத் திட்டத்தாலயே இலங்கை 2016-ல யானைக்காலை ஒழிச்ச நாடுன்னு சான்றிதழ் வாங்குச்சு. தமிழ்நாட்டுலயும் புதுச்சேரியிலயும் சோதனைகள்ல தேறின பிறகு ஊர் முழுக்க மாத்திரை கொடுக்கிறதை நிறுத்தியாச்சு. இப்போ நடக்கிறது கண்காணிப்பு. பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட் மாதிரி மாநிலங்கள்ல இன்னும் போராட்டம் நடக்குது. 2027-க்குள்ள ஒழிக்கணும்னு இந்தியா இலக்கு வெச்சிருக்கு.

40/
இங்க ஒரு விஷயம். வட மாநிலத்துல இருந்து வேலைக்கு வர்ற தம்பிகளுக்கு ராத்திரியில ரத்தப் பரிசோதனை செய்யிறாங்க. அதைப் பார்த்துட்டு "இவங்கதான் நோயைக் கொண்டு வர்றாங்க"ன்னு பேச்சு கிளம்புது.

வேண்டாம். ஒரு காலத்துல நம்ம டெல்டாக்காரங்களைப் பார்த்தும் வெளியூர்ல இப்படித்தான் முகம் சுளிச்சாங்க. புழுவுக்கு ஊர், மொழி, சாதி தெரியாது. தேங்கின சாக்கடை மட்டும்தான் தெரியும். அந்தச் சாக்கடை நம்மளோடது.

41/
சரி, அந்த அக்காவுக்கு என்ன பதில் சொன்னேன்?

"அக்கா, பையனுக்கு ஒண்ணும் இல்லைன்னு வெளியே தெரியுது. உள்ளே இருக்கான்னு நீங்களும் நானும் பார்க்க முடியாது. இந்த மாத்திரை அவனுக்காக மட்டும் இல்லை. அவன் கூட விளையாடுற பிள்ளைங்களுக்காகவும்தான்."

கொஞ்சம் யோசிச்சுட்டு "அப்போ சின்னவளுக்கும் போட்டுடவா சார்?"னு கேட்டாங்க. போதும்.

42/
கட்டாயம் கவனிக்க:

டி.இ.சி., ஐவர்மெக்டின் எதையும் நீங்களா கடையில வாங்கிப் போடாதீங்க. கர்ப்பிணிகள், 2 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகள், கடுமையா நோய்வாய்ப்பட்டவங்க இந்த மாத்திரைகளைச் சாப்பிடக் கூடாது. ஐவர்மெக்டின் 5 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளுக்கும் கிடையாது. திட்டத்துல மாத்திரை சாப்பிட்ட பிறகு லேசா காய்ச்சல், தலைசுத்தல் வந்தா பயப்படாம ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க.

43/
இனி நான் சொல்லத் தயங்குற விஷயம்.

இந்த மூணு மருந்தும் சேர்ந்தாலும் எங்க அப்பாயி கால் சின்னதாகாது. உடைஞ்ச நிணநீர்க் குழாயை எந்த மாத்திரையும் கட்டாது. நாம ஒழிச்சது அடுத்த தலைமுறையோட நோயை. ஏற்கெனவே கால் வீங்கினவங்க அந்தக் கொண்டாட்டத்துக்கு வெளியில நிக்கிறாங்க. கல்யாண மண்டபத்துல நின்ன மாதிரியே.

44/
ஆனா அவங்களுக்கும் ஒரு மருத்துவம் இருக்கு. சோப்பும் தண்ணியும்!

அடிக்கடி நெறி கட்டி, குளிர்க்காய்ச்சல் வந்து படுக்க வைக்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் புழு இல்லை. விரலிடுக்குல, மடிப்புல இருக்கிற புண் வழியா உள்ளே போற பாக்டீரியா. ஒவ்வொரு காய்ச்சலும் காலை இன்னும் கொஞ்சம் வீங்க வைக்கும். பிரேசில்ல ஜெரூசா டிரேயர் என்கிற டாக்டர் இதை எடுத்துச் சொல்லி, கழுவுறதையே சிகிச்சையா ஆக்கினார்.

45/
செய்முறை:

தினமும் சாதாரண சோப்பு, சுத்தமான தண்ணி. விரலிடுக்கு, தோல் மடிப்பு எல்லாம் மெதுவா தேய்ச்சுக் கழுவணும். மென்மையான துணியால ஒத்தி எடுத்து ஈரம் போக உலர்த்தணும். புண், பூஞ்சை இருந்தா டாக்டர் தர்ற களிம்பு. உட்காரும்போது காலைத் தூக்கி வெச்சுக்கணும். கணுக்காலை அசைச்சுப் பயிற்சி. நல்ல செருப்பு. காய்ச்சல் வந்தா உடனே ஆஸ்பத்திரி.

46/
ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ லீவுல வந்து அப்பாயிக்கு இதைச் செஞ்சேன். முதல் நாள் காலை இழுத்துக்கிட்டாங்க. "டாக்டருக்குப் படிச்சவன் என் காலைத் தொடுறதா"ன்னு அழுதாங்க. அந்தக் காலை வீட்டுல யாரும் தொட்டு முப்பது வருஷம் ஆகியிருக்கும்.

அப்புறம் அம்மா கத்துக்கிட்டாங்க. தினமும் தொடர்ந்தாங்க. மாசா மாசம் வந்த குளிர்க்காய்ச்சல் அந்த வருஷம் ரெண்டு தடவைதான் வந்துச்சு. வாடை போச்சு. கால் அளவு அப்படியேதான் இருந்துச்சு.

47/
என் தங்கச்சி கல்யாணத்துல அப்பாயி பந்தியில உட்கார்ந்தாங்க. முதல் வரிசை இல்லை, நடு வரிசை. இலையில உப்பு வெச்சதும் தொட்டு நாக்குல வெச்சுப் பார்த்தாங்க. அது அவங்க பழக்கம்.

காரைக்கால்ல அந்த உப்பு வந்த காலத்துல அவங்க கால் வீங்கியாச்சு. அவங்களுக்கு அது தாமதம். எனக்குத் தாமதம் இல்லை.

48/
உங்க வீட்டுலயோ தெருவுலயோ யானைக்கால் உள்ள பெரியவங்க இருந்தா, இந்தப் பதிவைப் படிச்சுக் காட்டுங்க. 44, 45 ரெண்டையும் மட்டுமாவது. ஒரு பக்கெட் தண்ணியும் ஒரு சோப்பும் எடுத்துக்கிட்டுப் பக்கத்துல உட்காருங்க.

ஸ்கூல்ல பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தா விழுங்கிட்டானான்னு கேளுங்க. மணல்ல புதைச்சிருக்கப் போறான்!


அரசு மருத்துவர், கருக்களாச்சேரிக்காரன்